எழுத்து ஏறாத பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கழகத்தின் தொண்டுகளை எடுத்துரைப்பது மரபு. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கை எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வேறொரு கணக்கைச் சொல்ல எழுந்திருக்கிறேன். நம் மாலைப் பள்ளியின் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்று, நடுவழியில் காணாமற்போன பிள்ளைகளின் கணக்கு அது. அவர்களுள் ஒருவனை வெளியே அனுப்பியவன் நானே என்பதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கழகம் தொடங்கிய முதலாண்டில், சமுதாயக் கூடத்துத் திண்ணையில் மாலைதோறும் பாடம் நடத்தி வந்தேன். அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். முதல்நாள் இரவு பார்த்த தெருக்கூத்தை மறுநாள் வசனம் பிசகாமல் நடித்துக் காட்டுவான். கடைக் கணக்கை விரல் மடக்காமல் மனத்திலேயே போடுவான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பாடநூலைக் கையில் கொடுத்தால் அவன் நெற்றி வியர்த்துவிடும். ‘பட்டம்’ என்னும் சொல்லைப் ‘படம்’ என்பான். அதே சொல் அடுத்த வரியில் வந்தால் ‘பாட்டம்’ என்பான். சொல்வதை எழுதச் சொன்னால் புள்ளி வைத்த எழுத்துகளை விழுங்கிவிடுவான். நேற்றுப் படித்த எழுத்து இன்று அவனுக்குப் புதிதாகத் தோன்றும். கவனமில்லை என்று திட்டினேன். சோம்பல் என்று அடித்தேன். முடிவில் அவன் தந்தையை அழைத்து, “இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதேனும் தொழில் பழகட்டும்” என்று சொன்னேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. “வாத்தியாரு நீங்களே சொல்றீங்க, அப்புறம் என்ன” என்று எழுந்து போனார். அடுத்த திங்கட்கிழமை அச்சிறுவன் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான்.

‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்னும் சொல்லை நம் பாட்டன்மார் பிறர் வாயால் கேட்டார்கள். அதைப் பொய்யாக்கவே நம் கழகம் தோன்றியது. அப்படியிருக்க, அதே சொல்லை நம் திண்ணையிலேயே அமர்ந்து, நம் பிள்ளையைப் பார்த்து, நான் சொன்னேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் அதே மாணவர், இப்போது குடும்பத் தலைவர், தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் சிறுமி. “சார், எனக்கு இருந்த அதே கஷ்டம் பாப்பாவுக்கும் வந்துடுச்சா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றையும், நம் மாலைப் பள்ளியில் செய்து பார்த்தவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பெயர் வந்த வரலாறு

இந்த இடர்ப்பாட்டை டிஸ்லெக்சியா என்று அறிஞர் வழங்குகின்றனர். 1887-ஆம் ஆண்டில் ருடால்ப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கிய பெயர் இது. நாம் இதனை வாசிப்பு இடர்ப்பாடு எனலாம். போதிய அறிவும், பார்வையும், செவிப்புலனும் இருந்தும், முறையாகக் கற்பித்த பின்னும், ஒரு குழந்தை சொற்களைச் சரியாகவும் தடையின்றியும் வாசிக்க இயலாமலும், பிழையின்றி எழுத இயலாமலும் தொடர்ந்து தவிப்பதே இதன் இலக்கணம்.

1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியரிடமும் பயின்றவன் அவன். கணக்கில் கெட்டிக்காரன். ஆயினும் பெர்சி என்னும் தன் பெயரையே எழுத்து மாற்றிப் பிரெசி என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவனாக அவன் விளங்குவான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து. இதைப் படித்தபோது என் திண்ணையில் அமர்ந்திருந்த சிறுவன் முகமே என் கண்முன் வந்தது. நான் பிரம்பை எடுத்த நாளுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் இதனை எழுதி வைத்திருந்தார்.

நூறு குழந்தைகளில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இவ்விடர் உடையோர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் மதிப்பீடு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேரோ நான்கு பேரோ இருக்கக் கூடும். ஆண்பிள்ளைகளே மிகுதி என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வொன்று, பள்ளிகள் அடையாளம் காட்டியோரில் சிறுவரே மிகுதி என்றும், எல்லாக் குழந்தைகளையும் நேரே சோதித்தபோது சிறுமியர் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது என்றும் காட்டிற்று. குறும்பு செய்யும் பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை படுவதில்லை.

காரணங்கள் யாவை?

கிரகணத்தில் வெளியே வந்த தாயின் குற்றம் என்பாரும், கண்ணேறு என்பாரும், நாக்குத் தடிப்பு என்பாரும் நம் தெருவில் உள்ளனர். இவற்றுள் எதுவும் காரணமன்று. குழந்தையின் சோம்பலும் காரணமன்று. தாய் தந்தையர் படியாதவர் என்பதும் இதனைத் தோற்றுவிப்பதில்லை.

பேச்சு, மனிதனுக்கு மிகப் பழமையானது. எழுத்து தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே பேசுவதற்கு இயல்பாக அமைந்த மூளைக்கு, வாசிப்பதற்கெனத் தனி உறுப்பு எதுவும் இல்லை. கண் காணும் வடிவத்தையும் செவி அறிந்த ஒலியையும் இணைக்கும் பாதையைக் கற்றல் வாயிலாகவே ஒவ்வொரு குழந்தையும் மூளையின் இடப்புறத்தில் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசிப்பு இடர் உடைய குழந்தைக்கு அந்தப் பாதை எளிதில் அமைவதில்லை. மூளை இயங்குவதைப் படம் பிடிக்கும் கருவிகள் இதனை உறுதிப்படுத்தியுள்ளன. 2001-இல் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவரிடையே நடந்த ஆய்வில், மொழி வேறாயினும் இவ்விடர் உடையோர் மூவரிடத்தும் மூளையின் இடப்புறத்தில் ஒரே பகுதி குறைவாக இயங்கியது தெரியவந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய பொருத்தம் உள்ள மொழியாதலால், இத்தாலியர் மட்டும் மற்றவரை விடப் பிழை குறைவாக வாசித்தனர்.

இந்தப் பாதை ஏன் அமையவில்லை என்றால், பெரும்பான்மையான குழந்தைகளுக்குச் சொல்லை ஒலிகளாகப் பிரித்தறியும் திறன் தளர்வாக இருப்பதே முதற்காரணம் என்பர். 1974-இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர், சிறுவர்களிடம் சொற்களைச் சொல்லி, அவற்றின் ஒலிகளை மேசையில் தட்டி எண்ணச் செய்தனர். அசைகளைச் சிறுவர் எளிதில் எண்ணினர். தனித்தனி ஒலிகளை எண்ணுவது அவர்களுக்கு அரிதாயிற்று. வாசிப்பின் வேர் கண்ணில் மட்டுமன்றிச் செவியிலும் இருப்பதை இத்தகைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

இத்திறன் தளர்வுக்குப் பரம்பரையும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தின் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் 1907-இலேயே ஒரே குடும்பத்துச் சகோதரர் நால்வரிடம் இவ்விடரைக் கண்டார். 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்லெக்சியா உடையோரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இதனோடு தொடர்புடைய 42 இடங்களைக் குறித்தனர். ஒரே மரபணுவால் வருவதன்று. சிறுசிறு காரணங்கள் பல கூடி வருவது. குறைமாதப் பிறப்பும், மிகக் குறைந்த எடையுடன் பிறத்தலும் கற்றல் இடர்களுக்கான வாய்ப்பை மிகுவிக்கின்றன.

பரம்பரை என்றவுடன் நம்மவர் திடுக்கிடுவதில் வியப்பில்லை. பிறப்பைக் காட்டியே நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது இந்நாடு. எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இந்த மரபணுக்களுக்கும் சாதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வசதியுள்ள வீட்டிலும் குடிசையிலும், எல்லா நாட்டிலும் எல்லா இனத்திலும் இவ்விடர் உண்டு.

இன்னொன்றும் நம் கவனத்துக்கு உரியது. மருத்துவர், “தந்தைக்கோ பாட்டனுக்கோ வாசிப்பதில் தொல்லை இருந்ததா?” என்று கேட்பார். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்தார் இதற்கு விடை சொல்லக்கூடும். நம் வீடுகளில் பாட்டன் கையில் புத்தகமே கொடுக்கப்படவில்லை. அவருக்கு இவ்விடர் இருந்ததா என்று எவர் கூற முடியும்? பள்ளிக்குச் சென்ற முதல் தலைமுறைதான் நம் குடும்பத்தில் இதனை முதன்முதலாக அறியும் தலைமுறை. ஆகவே தம் மகளுக்காக என்னிடம் வந்து கேட்டாரே, அந்தத் தந்தையின் கேள்வி விலை மதிப்பற்றது. பள்ளியை விட்டு நின்ற அண்ணன், அத்தை, சித்தப்பா ஆகியோர் ஏன் நின்றனர் என்று ஒவ்வொரு வீட்டிலும் விசாரியுங்கள். வறுமை என்று நாம் எண்ணியிருக்கும் சில இடங்களில் இதுவும் சேர்ந்திருக்கலாம்.

தமிழ் எழுத்தும் நம் பேச்சும்

தமிழில் 247 எழுத்துகள் என்று கூறிக் குழந்தையை முதல் நாளே அச்சுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31. எஞ்சிய 216 உயிர்மெய்களும் அடிப்படை வடிவங்களோடு குறிகள் சேர்ந்து அமைபவை. எனினும் அக்குறிகளில் சில இடர்கள் உள்ளன. ‘கெ’ என்னும் எழுத்தில் எகரக் குறியை முதலில் எழுதுகிறோம், ஒலிப்பதோ பின்னால். ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, மு ஆகியவற்றில் ஒரே உகரம் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. ககரம் ஒன்றே, ஆனால் கல், மகள், தங்கம் ஆகியவற்றில் மூன்று விதமாக ஒலிக்கிறது. நல்ல வாசிப்புத் திறன் உள்ள குழந்தை இவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். ஒலியைப் பிரித்தறிய இயலாத குழந்தை ஒவ்வொரு படியிலும் இடறி விழும். 1935 முதல் பெரியார் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்று, ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கியபோது இந்தச் சுமையில் ஒரு பகுதி குறைந்தது.

இங்கே ஆசிரியர்களை ஓர் எச்சரிக்கையோடு வேண்டுகிறேன். நம் வீட்டுப் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று அச்சிட்டிருப்பதை நம் வட ஆர்க்காட்டுக் குழந்தை ‘வந்துகினு இருக்கான்’ என்று வாசித்தால், அது பொருளைப் புரிந்துகொண்டுவிட்டது என்று மகிழுங்கள். லகர, ளகர, ழகரங்களைச் சேரியில் வேறுபடுத்தி ஒலிக்காத குழந்தை எழுதும்போது மயங்குவதும் இயல்பே. பேச்சு வழக்கைக் குறைபாடு என்று கொள்ளலாகாது. டிஸ்லெக்சியா உடைய குழந்தை, தான் அன்றாடம் பேசும் எளிய சொல்லையும் எழுத்தில் கண்டு திகைக்கும். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி வாசிக்கும். வரி முடிவதற்குள் முதற்சொல்லை மறந்துவிடும். ஐந்து ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படுவது. அதனை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டா.

முதலில் விலக்க வேண்டியவை

வாசிக்க இயலாத குழந்தைகள் எல்லோரும் டிஸ்லெக்சியா உடையோர் அல்லர். கரும்பலகை தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி வேண்டும். காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தை ஒலியைப் பாதியே கேட்கிறது. அதற்கு மருத்துவம் வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்துவிடும். அதற்குக் கீரையும் மாத்திரையும் வேண்டும். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வெளியூர் சென்று மூன்று மாதம் பள்ளிக்கு வராத குழந்தைக்கு, விட்டுப்போன பாடம் வேண்டும். வகுப்பில் அவமதிக்கப்பட்டு வாய் மூடிய குழந்தைக்கு ஆறுதலும் மரியாதையும் வேண்டும். கண்ணையும் காதையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்துவிடலாம். 2013 முதல் பள்ளிகளுக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவினரிடமும் காட்டலாம்.

ஆனால் இப்படி விலக்கிச் செல்வதில் ஓர் அநீதியும் நேர்ந்தது. 1975-இல் அமெரிக்கா இயற்றிய கல்விச் சட்டம், கற்றல் குறைபாட்டிற்கு இலக்கணம் கூறுகையில், சமூக, பொருளாதாரத் தாழ்வினால் வரும் இடர்ப்பாடுகளை அதில் சேர்க்கவில்லை. இத்தகைய இலக்கணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையாண்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வாசிக்காவிடில் டிஸ்லெக்சியா என்றும், ஏழைப் பிள்ளை வாசிக்காவிடில் வறுமை என்றும் பெயர் கிடைக்கும். ஏழைக்கு டிஸ்லெக்சியா வராதா? இரண்டும் சேர்ந்தே ஒரு குழந்தையிடம் இருக்கலாம். அதற்கு இரட்டை உதவி வேண்டும். அறிவுத்திறன் மிகுந்திருந்தால்தான் டிஸ்லெக்சியா என்னும் பழைய அளவுகோலையும் அறிஞர்கள் கைவிட்டனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு அதனை நீக்கிவிட்டது. எந்தக் காரணத்தால் வாசிப்புத் தடைப்பட்டாலும், ஒலி முதல் படிப்படியாகக் கற்பிக்கும் முறை எல்லாக் குழந்தைகளுக்கும் பயன் தருகிறது. ஆகவே சான்றிதழ் வரட்டும் என்று கற்பிப்பதை ஒத்திவைக்கத் தேவையில்லை.

உதவும் முறைகள்

1925 முதல் இத்துறையில் உழைத்த சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரின் வழியில், ஆனா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்னும் அம்மையார் இருவர் 1930-களில் ஒரு கற்பித்தல் முறையை வகுத்தனர். கண்ணால் கண்டு, செவியால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் வரைந்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒரே நேரத்தில் கற்பதே அதன் சாரம். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொன்ன வழக்கத்தை நினைவுகூருங்கள். அந்த மணல் எழுத்தைக் கண்டு வியந்த ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் தாம் பொறுப்பேற்றிருந்த ஆதரவற்றோர் விடுதியில் அதனைக் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாகவும் எழுதினார். அன்று அந்தத் திண்ணையில் நமக்கு இடமில்லை. இன்று அந்த மணல் நமக்குப் பயன்படட்டும்.

நம் மாலைப் பள்ளியில் நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, செவிப் பயிற்சி. புத்தகத்தைத் திறவாமல் பத்து நிமிடம் ஒலி விளையாட்டு. ‘மரம்’ என்று சொல்லி மூன்று முறை கை தட்டுதல். ‘கடல்’ என்பதில் முதலெழுத்தை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டல். ‘வாடா’ என்பதைக் ‘கவாகடா’ என்று பிள்ளைகள் மறைபொருளாகப் பேசி விளையாடுவரே, அதுவும் சிறந்த பயிற்சியே. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனை அடுப்பங்கரையில் அமர்ந்தபடியே நடத்தலாம்.

இரண்டாவது, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் கற்பித்தல் கூடாது. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களை முதலில் தந்து, அவற்றைக் கொண்டே ‘படம்’, ‘மடம்’ எனச் சொற்களை அமைக்க வேண்டும். மயங்கக் கூடிய ண, ன இரண்டையும், ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் கற்பிக்கலாகாது. ஒன்று நன்கு பதிந்த பின்னரே மற்றொன்று. உயிர்மெய்க் குறிகளை வண்ணச் சுண்ணக்கட்டியால் வேறுபடுத்திக் காட்டுதல் நலம்.

மூன்றாவது, மணல் தட்டிலோ உப்புத்தாள் எழுத்தின் மீதோ விரலால் தடவி ஒலியைச் சொல்லச் செய்தல்.

நான்காவது, சிறு குழு, அன்றாடம் அரை மணி நேரம், நேற்றைய பாடத்தை இன்று மீண்டும் தொடுதல். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் நடத்துவதை விட இதுவே பயன் தரும்.

ஐந்தாவது, பலர் முன்னிலையில் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாதிருத்தல். படிக்கும் பகுதியை முன்னாளே கொடுத்து, வீட்டில் அக்காவோ அண்ணனோ வாசித்துக் காட்டி உடன் வாசிக்கச் செய்தல். வரலாறும் அறிவியலும் வாய்மொழியாகத் தொடர்ந்து கற்க விடுதல். எழுத்து பின்தங்கியது என்பதற்காக அறிவையும் பட்டினி போடலாமா?

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபகசக்தி லேகியம் என்று சொல்லிப் பணம் பறிப்போர் வருவர். கண் பயிற்சிக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-இல் கூட்டாக அறிவித்துள்ளன. உழைத்துச் சேர்த்த கூலியை அங்கே கொட்டாதீர்கள்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தனர். உடன் பயில்வோர் அடுத்த நிலைக்குச் சென்ற பின்னும், நாள்தோறும் வந்தும் ஒரு குழந்தை அரும்பிலேயே நின்றால், ஆசிரியர் அதனை ஓர் அறிகுறியாகக் கொண்டு, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னையில் 1991-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றன.

சட்டம் தரும் உரிமை

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. அவற்றுள் கற்றல் குறைபாடு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. குழந்தைகளிடம் இதனை இயன்ற அளவு விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கை எடுப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கூறுகிறது 17-ஆம் பிரிவு. எட்டு வயதளவில் முறையான சோதனை செய்து சான்றிதழ் வழங்குகின்றனர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் வழி சொல்வார்கள்.

“ஏற்கெனவே ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம், அதைப் பார்த்து ஏளனம் செய்கிறார்கள், இரண்டாவதும் வேண்டுமா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் வேதனை நியாயமானது. அவருக்கு நான் சொன்னது இது: “அம்மா, ‘மக்கு’ என்னும் பட்டத்தைச் சான்றிதழ் இல்லாமலேயே குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டத்தால் ஒரு நிமிடம் கூடத் தேர்வில் சேர்த்துக் கிடைக்காது. இந்தத் தாளால் ஒரு மணி நேரம் கிடைத்தால், அது அவள் உரிமை.” எனினும், வாங்குவதும் வாங்காததும் பெற்றோர் விருப்பம். கற்பிப்பது மட்டும் நம் கடமை.

1953-இல் சென்னை மாகாணத்தில் அரைநாள் பள்ளி, அரைநாள் தந்தையின் தொழில் என்னும் கல்வித் திட்டம் வந்தபோது, குலக் கல்வி என்று கூறி மக்கள் எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. வாசிக்க இயலாத பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று நான் அன்று சொன்னபோது, ஒழிந்த அந்தத் திட்டத்தை என் திண்ணையில் நானே நடத்தினேன்.

வெள்ளி விழா ஆண்டில் கழகத்திற்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ‘படிப்பு ஏறாது’ என்னும் சொல்லை நம் ஆசிரியர் எவரும் உச்சரிக்கலாகாது. இரண்டாம் வகுப்பு முடியும் முன் ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் தனியே கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்களையேனும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். சோதனைக்கும் சான்றிதழுக்கும் செல்லும் பெற்றோர் கூலியை இழக்காதபடி, உடன் செல்ல ஒருவரையும் பயணச் செலவையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இப்போது நான்காம் வகுப்பு. இடர் நீங்கிவிட்டது என்று கூறமாட்டேன். வாழ்நாள் முழுவதும் உடன் இருக்கக் கூடியது அது. மெதுவாகவே வாசிக்கிறாள். சென்ற வாரம் இவ்விழாவின் அழைப்பிதழைத் தன் தந்தைக்கு வாசித்துக் காட்டினாள். மூன்று இடங்களில் நின்றாள். என் பெயரை ஒருமுறை தவறாக வாசித்து, தானே திருத்திக்கொண்டாள். அவள் தந்தை கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று நான் தராத பொறுமையை அவர் தம் மகளுக்குத் தருகிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க சார்; எனக்கும் இப்ப சொல்லித் தருவீங்களா?” என்றார். வரும் திங்கட்கிழமை மாலை முதல் தந்தையும் மகளும் நம் திண்ணைக்கு வருகிறார்கள்.